நூறு சதவீதமும் நூல் பஞ்சும்

2024 ஏப்ரல் 18, வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. பள்ளிபாளையத்தில் ஒரு தறிக்குடோனின் மூலையில், பலகைத் தடுப்பு போட்ட சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிறது. லேப்டாப்பில் எக்செல்லைத் திறந்து ஒரு கட்டத்தில் 45,600 என்று அடித்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்து மூடியும் வைத்தேன். அப்புறம்தான் திரையில் முதல் 4 வந்தது.

மார்ச் மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு, 20-ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும். ஐந்து விசைத்தறிக்காரர்கள், இரண்டு நூல் வியாபாரிகள் என்று ஏழு பேர் கணக்கு என் கையில். தேதி தாண்டினால் ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. பணம்கூடப் பெரிதில்லை. "இந்த மாசம் அம்மிணி லேட் பண்ணிருச்சுங்க" என்று நூல் கடையில் ஒருவர் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும். போதாக்குறைக்கு 19-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. கடை, தறி எல்லாம் லீவு.

லேப்டாப் 2018-இல் வாங்கியது. இன்டெல் ஐ5-8250யு பிராசஸர், 8 ஜிபி ராம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. பழசுதான், ஆனால் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேருக்கும் எக்செல்லுக்கும் பிரவுசருக்கும் தாராளமாகப் போதும். அப்படி நம்பிக்கொண்டிருந்த மெஷின் அந்த வருடம் மார்ச் மாதத்திலிருந்தே முரண்டு பிடித்தது.

மார்ச்சில் ஈரோட்டில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு மேடம், ஃபார்மட் போட்டாச் சரியாயிடும்" என்றார் அங்கிருந்த பையன். ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மட் போட்டுக் கொடுத்தார். அவர் மேசையில் வைத்து ஓட்டிக் காட்டியபோது பறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து டேலி ஏற்றியபோதும் பறந்தது. மறுநாள் குடோனுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் படுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். கடையில் ஏசி ஓடியது, என் அறையில் ஓடவில்லை என்ற வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு மெஷின் ஓரிடத்தில் ஓடி, இன்னோரிடத்தில் ஓடவில்லை என்றால் முதலில் அந்த இரண்டு இடத்தையும்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன்.

சரி, 18-ஆம் தேதிக்கு வருகிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அதுவே திறக்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. சிபியு, அதாவது பிராசஸர், 100 சதவீதம் என்று செக்கச் சிவந்து நின்றது. சிபியு என்ற தலைப்பின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் அதிகம் தின்கிறவன் மேலே வந்துவிடுவான். மேலே வந்தது பிரவுசர். அதை எதிர்பார்த்தேன், இருபது டேப் திறந்து வைத்திருந்தேன். அடுத்து ஆன்டிவைரஸ், அதுவும் சரி. மூன்றாவதாக நின்றது, பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்புகிற 'ஸ்பூலர்'. நான் பிரிண்ட் எதுவும் கொடுத்து இரண்டு வாரம் ஆகிறதே!

யோசித்தபோது நினைவுக்கு வந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் நாற்பது பக்க பில் கட்டு ஒன்றை பிரிண்ட் கொடுத்திருந்தேன். பாதியில் கரண்ட் போனது. பிரிண்டர் செத்தது, நானும் அதை மறந்துவிட்டேன். லேப்டாப் மறக்கவில்லை. வராத பிரிண்டருக்காக அந்தப் பாதி வேலையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக அல்லாடியிருக்கிறது. பிரிண்டர் வரிசையில் போய் 'கேன்சல்' கொடுத்தால் 'டெலிட்டிங்' என்று காட்டியதே தவிரப் போகவில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. சர்வீசஸ் என்ற பட்டியலைத் திறந்து அதில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்த வேண்டும். அப்புறம் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போய், உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழிக்க வேண்டும். ஃபோல்டரை அழிக்கக் கூடாது. பிறகு ஸ்பூலரைத் திரும்ப ஓட விடலாம். இரண்டே நிமிட வேலை. என் ஃபோல்டரில் நான்கு ஃபைல் கிடந்தது. அழித்தேன். சிபியு மெல்ல 60-க்கு இறங்கியது. வேண்டாத டேப்களை மூடினேன், 35-க்கு வந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. என் பிராசஸரில் நான்கு கோர், எட்டு த்ரெட், அதாவது ஒரே சமயத்தில் எட்டு வேலையை ஓட்டும் வரிசைகள். ஒரு ப்ரோகிராம் ஒரே ஒரு த்ரெட்டில் மாட்டிக்கொண்டு சுற்றினால் அது காட்டுவது எட்டில் ஒன்று, அதாவது ஏறக்குறைய 12 சதவீதம். பார்ப்பதற்குச் சின்ன எண். ஆனால் அந்த ப்ரோகிராமால் அதற்கு மேல் ஓட முடியாது, அதுதான் அதன் முழு மூச்சு. அதனால் 12, 13 என்று ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற ஒரு பெயரைப் பார்த்தால், எண் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். ஏறி இறங்குகிறவன் வேலை செய்கிறான். ஒரே எண்ணில் மணிக்கணக்காக நிற்கிறவன் பெரும்பாலும் மாட்டிக்கொண்டவன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. டாஸ்க் மேனேஜரில் 'டீடெயில்ஸ்' பக்கத்துக்குப் போனால் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' என்று ஒன்று 90, 95 என்று காட்டும். முதலாளியின் பேரன் ஒருமுறை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, இதுதான் எல்லாத்தையும் தின்னுது, எண்ட் டாஸ்க் குடுங்க" என்று குதித்தான். அது தின்பதன் கணக்கு இல்லை, சும்மா இருப்பதன் கணக்கு. அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

ஸ்பூலரை ஒழித்த சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. நாலரை மணிக்கு மறுபடி அதே கதை. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தயங்கித் தயங்கி வருகிறது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். சிபியு 46 சதவீதம். அவ்வளவுதான். ராம் பாதி காலி, டிஸ்க் 2 சதவீதம். நூறு என்று காட்டியபோதாவது காரணம் இருந்தது. இப்போது பாதிதான் வேலை செய்கிறது, மீதிப் பாதி சும்மா இருக்கிறது, ஆனாலும் நகரவில்லை என்றால் என்ன அர்த்தம்?

ராத்திரி வீட்டில் படுத்தும் இதே யோசனை. வீட்டில் திறந்து பார்த்தால் சுமாராக ஓடியது, அதனால் பதினொரு மணி வரை இரண்டு கணக்கை முடித்தேன். பாக்கி ஐந்து. பில் கட்டுகள் எல்லாம் குடோனில்.

19-ஆம் தேதி காலை ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலோடு குடோனுக்குப் போனேன். வாட்ச்மேன் தாத்தா மட்டும் இருந்தார். தறி ஒன்றுகூட ஓடவில்லை. விசைத்தறிக் குடோனில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். முப்பது தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். தடுப்புக்குப் பின்னால் இருக்கும் என் அறையிலும் அந்தச் சத்தம்தான் நாள் முழுக்க. ஆறு வருடத்தில் அந்த அறையை அமைதியாக நான் கேட்டதே இல்லை.

லேப்டாப்பைப் போட்டு, டேலியைத் திறந்து, பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு சத்தம். ஊதல் மாதிரி, நிற்காமல். ஜன்னல் வழியாக எங்கோ கிரைண்டர் ஓடுகிறதாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் இல்லை. சத்தம் வந்தது என் மேசையிலிருந்து. லேப்டாப்பின் ஃபேன்தான் அப்படிக் கதறிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகக் கதறியதோ, தறிச் சத்தத்தில் என் காதுக்கு எட்டவில்லை.

இடது பக்கம் காற்று வெளியேறும் சந்தில் கையை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு சத்தம் போடும் ஃபேனிலிருந்து தாராளமாக அனல் காற்று அடிக்க வேண்டும். கையில் பட்டது மூச்சு விட்டது போல ஒரு லேசான காற்று, அவ்வளவுதான். சந்தைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஃபேன் சுற்றுகிறது, காற்று வெளியே வரவில்லை. அந்த நொடியில் பாதி விஷயம் விளங்கிவிட்டது.

மீதிப் பாதி லேப்டாப்பைத் தூக்கியபோது விளங்கியது. மேசையில் தூசி அதிகம் என்று, குடோனில் நெய்த துண்டு ஒன்றை நான்காக மடித்து அதன் மேல்தான் எப்போதும் லேப்டாப்பை வைப்பேன். மெத்தென்று இருக்கும். என் லேப்டாப் காற்றை உள்ளே இழுப்பது அடிப்பக்கத்துச் சந்து வழியாக. அதாவது மூக்கில் துணியை வைத்து அழுத்திவிட்டு, ஏன் மூச்சு வாங்குகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவசக் கருவியை இறக்கினேன். டாஸ்க் மேனேஜர் பிராசஸரின் சூட்டைக் காட்டாது, அதற்கு இப்படி ஒன்று வேண்டும். திறந்து 'சென்சார்ஸ்' பகுதிக்குப் போனேன். கோர் டெம்பரேச்சர் 96, 97, 96. அதற்குக் கீழே 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரிசை முழுக்க 'யெஸ்'. இந்த பிராசஸருக்கு இன்டெல் கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 100 டிகிரி. அந்த வரம்பு நெருங்கினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுதான் தெர்மல் த்ராட்லிங். இதில் விண்டோஸைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வைரஸும் இல்லை.

டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து, சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 'ஸ்பீட்' என்ற எண்ணை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்தேன். 0.79 ஜிகாஹெர்ட்ஸ். பக்கத்திலேயே 'பேஸ் ஸ்பீட்' 1.80 என்று போட்டிருந்தது. இன்டெல் இந்தச் சில்லுக்குச் சொல்வது 1.6. என் லேப்டாப் தயாரித்தவர்கள் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தார்கள், அப்படி வைக்க அதில் இடம் உண்டு. தேவைப்படும்போது 3.4 வரை போகக்கூடிய பிராசஸர், அடிப்படை வேகத்தில் பாதியைக்கூடத் தொடாமல் தவழ்ந்துகொண்டிருந்தது.

முந்தைய நாள் பார்த்த 46-க்கும் அர்த்தம் அப்போதுதான் கிடைத்தது. விண்டோஸ் 10-இல் அந்தப் பக்கம் காட்டும் சதவீதம், அடிப்படை வேகத்தோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு. 1.8-இல் ஓட வேண்டியது 0.8-இல் முழு மூச்சாக ஓடினாலும் 45-ஐ ஒட்டித்தான் காட்டும். மீதிப் பாதி சும்மா இருக்கவில்லை, மீதிப் பாதி அப்போது இல்லவே இல்லை. ஆறு ஆள் செய்யும் வேலையை மூன்று ஆள் வியர்க்க வியர்க்கச் செய்துகொண்டிருக்க, நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பாதிப் பேர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் யார் லேப்டாப் ஸ்லோ என்று சொன்னாலும் சதவீதத்தை நான் கேட்பதில்லை. "ஸ்பீட் என்ன காட்டுது?" என்றுதான் கேட்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. பவானியில் என் தோழி ஒருத்திக்கு இதே போல வேகம் 0.4-இல் மாட்டிக்கொண்டது. அவளுடையது சார்ஜர் கோளாறு. ஒரிஜினல் போன பிறகு வாங்கிய டூப்ளிகேட் சார்ஜரை லேப்டாப் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, மின்சாரம் போதுமோ போதாதோ என்று வேகத்தை அடக்கி வைத்திருந்தது. இதைச் சோதிப்பது சுலபம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட விட்டு, ஸ்பீட் எண் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். நான் பிடுங்கிப் பார்த்தேன், ஏறவில்லை. சார்ஜர் நிரபராதி.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் தேர்தல் நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்? ஸ்க்ரூடிரைவரை எடுத்து நானே கழற்றி, ஏதாவது ஆகிவிட்டால் ஐந்து கணக்கும் போச்சு. அதனால் இரண்டு தற்காலிக வைத்தியம் செய்தேன். துண்டை எடுத்துவிட்டு, பின்பக்க ஓரத்தில் இரண்டு நூல் கோன்களைப் படுக்க வைத்து அதன் மேல் லேப்டாப்பைத் தூக்கி நிறுத்தினேன், அடியில் காற்றுப் போக வழி கிடைத்தது. டேபிள் ஃபேனையும் அதன் பக்கம் திருப்பிவிட்டேன். எனக்குக் காற்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று, பவர் ஆப்ஷன்ஸில் ஒரு மாற்றம். கன்ட்ரோல் பேனலில் பவர் பிளானின் அட்வான்ஸ்டு பகுதியில் 'ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்' என்று இருக்கும். அதற்குள் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 100 என்று இருப்பதை 99 ஆக்கினேன். ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 99 என்று வைத்தால் டர்போ, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் தாவுவது, நின்றுவிடும். 3 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தாவி, சூடாகி, 0.8-க்கு விழுந்து, மறுபடி தாவி என்று அல்லாடாமல் அடிப்படை வேகத்தோடு நின்றுகொள்ளும். சில புது லேப்டாப்களில் இந்த ஆப்ஷன் மறைந்திருக்கும், என்னுடையதில் இருந்தது. சூடு 97-லிருந்து 84-க்கு இறங்கியது. வேகம் 1.7-ஐ ஒட்டி அசையாமல் நின்றது. அது ஒன்றும் பறக்கவில்லை, ஆனால் அடித்த எண் அடித்த உடனே வந்தது. எனக்கு அது போதும். அன்றைக்கு மூன்று, மறுநாள் இரண்டு. 20-ஆம் தேதி ராத்திரி எட்டரைக்குக் கடைசிக் கணக்கும் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை கழற்றினோம். 'னோம்' என்று சொல்லக் காரணம், தறி மேஸ்திரி அண்ணன் துணைக்கு இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் சொன்னது, "அட, இதுக்கா இத்தன யோசன? கம்ப்ரஸர்ல காத்தடிச்சு விட்டரலாங்க்கா." தறியில் படியும் பஞ்சை அப்படித்தான் ஊதித் தள்ளுவார்கள். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் ஈரம் இருக்கும், வேகமும் தாங்காது. அதுபோக வெளியிலிருந்து சந்துக்குள் ஊதினால் பஞ்சு வெளியே வராது, இன்னும் உள்ளேதான் போகும். போன வருடம் நான் வாயால் ஊதியது எவ்வளவு முட்டாள்தனம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவர் கை ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை, என் கை பயந்த கை. அதனால் நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். லேப்டாப்பை முழுசாக ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வைத்தோம். ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படம் போட்டு, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். பத்து ஸ்க்ரூ, அதில் இரண்டு நீளம், மற்றது குட்டை. நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் போட்டு முடுக்கினால் மேல்பக்கம் கீபோர்டு அருகே புடைத்துவிடும். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றியும் மூடி வரவில்லை. மேஸ்திரி இழுக்கப் பார்த்தார், நிறுத்தச் சொன்னேன். வராத மூடியை இழுக்கக் கூடாது, ஸ்க்ரூ எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பின்பக்க ரப்பர் காலை நகத்தால் நெம்பிப் பார்த்தால் அதற்கு அடியில் இரண்டு ஒளிந்திருந்தது. அப்புறம் காலாவதியான ஏடிஎம் கார்டை ஓரத்தில் சொருகிச் சுற்றிலும் ஓட்ட, பட் பட் என்று கொக்கிகள் விட்டு மூடி கழன்றது.

உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் வேறெதையும் தொடாதீர்கள். கழற்றும்போதே பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். தட்டையாக இருக்க வேண்டியது தலையணை போலப் புடைத்திருந்தால் அதற்கு மேல் அந்த லேப்டாப்பைச் சார்ஜில் போடக் கூடாது, பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். என்னுடையது நல்லபடியாக இருந்தது.

ஃபேனைப் பார்த்தால் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. இதுதானா, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. ஃபேனைப் பிடித்திருந்த மூன்று ஸ்க்ரூவைக் கழற்றித் தூக்கியதும்தான் விஷயம் தெரிந்தது. ஃபேன் காற்றைத் தள்ளும் வாய்க்கும், சூட்டை வெளியேற்றும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு பட்டை. அகலம் சுண்டுவிரல், நீளம் உள்ளங்கை, கனம் ஒரு கம்பளித் துண்டு அளவு. சீப்புப் பல் போல நெருக்கமாக இருக்கும் தகடுகளை ஒன்றுகூடத் தெரியாமல் மூடியிருந்தது. ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். பிய்ந்து பிய்ந்து வரும் என்று நினைத்தால், ஒரே துண்டாக உரிந்து வந்தது. மேஸ்திரி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் அதில் ஊடுருவவில்லை.

ஃபேன் இறக்கைகளை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தேன். துடைக்கும்போதும் ரப்பர் பல்பால் ஊதும்போதும் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். பிராசஸரின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க்கைக் கழற்றினால், அந்தச் சூட்டை அதற்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஆறு வருடத்தில் காய்ந்த சுண்ணாம்பு போல ஆகியிருந்தது. மருந்துக் கடையில் வாங்கிய ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, சில்லு கண்ணாடி போலப் பளபளக்கும் வரை துடைத்தோம். புதுப் பேஸ்ட் ஒரு பச்சைப்பயறு அளவு, அவ்வளவே. நிறையத் தடவினால் நிறையக் குளிரும் என்பது பொய். ஹீட்சிங்க்கை வைத்து மூடும்போது அதன் ஸ்க்ரூக்கள் பக்கத்திலேயே 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருந்ததைப் பார்த்து அந்த வரிசையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுக்கு ஒரு முடுக்கு என்று முடுக்கினோம். பேஸ்ட், ஆல்கஹால், பிரஷ் எல்லாம் சேர்த்துச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள்.

பவர் பட்டனை அழுத்தியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஓடியது. ஃபேன் சுற்றுகிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. சும்மா இருக்கும்போது முன்பு 75-இல் நின்ற சூடு 47-இல் நின்றது. 99-ஐத் திரும்ப 100 ஆக்கி, டேலியும் எக்செல்லும் பிரவுசரும் சேர்த்துப் போட்டுப் படுத்தி எடுத்தேன். 78-ஐத் தாண்டவில்லை, வேகம் 2.5-க்கும் 3-க்கும் நடுவில். காற்றுச் சந்தில் கை வைத்தால் ஹேர் டிரையர் மாதிரி அனல் அடித்தது.

தயவுசெய்து எல்லா மந்தமும் பஞ்சுதான் என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்கப்புறம் இரண்டு பேர் லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒருவருடையதில் சிபியு 10, ஸ்பீட் நன்றாக இருந்தது, டிஸ்க் மட்டும் 100-இல் நின்றது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை, பேஸ்ட் போட்டால் ஒன்றும் ஆகாது. இன்னொன்று ஒரு காலேஜ் பையனுடையது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 5, மூடினால் ஃபேன் இரைகிறது, மறுபடி திறந்தால் அமைதி. யாரோ பார்க்கிறார்கள் என்றால் ஒளிந்துகொள்கிறவன் யாராக இருக்கும்? திருட்டுத்தனமாக இறக்கிய ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேரோடு, அடுத்தவர் லேப்டாப்பில் கிரிப்டோ காசு உண்டாக்குகிற காயின் மைனர் வந்து உட்கார்ந்திருந்தது. அவன் லேப்டாப்பில் யாரோ காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள், கரண்ட் பில் அவன் அப்பாவுக்கு. அதற்குத்தான் ஃபார்மட். என் லேப்டாப்புக்குப் போட்ட ஃபார்மட் வெட்டி.

எனக்கே வெட்கமாக இருப்பது வேறொன்று. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தறிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, என் லேப்டாப்புக்கும் மூடியில் மூன்று பொட்டு வைத்து, பொரி கடலையும் வைத்துக் கும்பிடுவேன். ஆறு வருடம். ஒரு வருடமாவது திருப்பிப் போட்டு அடியில் பார்த்திருக்கலாம். இப்போது பூஜைக்கு முந்தின ஞாயிறு ஒருமுறை, மாசி மாதக் கடைசியில் வெயில் ஏறுவதற்கு முன் ஒருமுறை என்று வருடத்துக்கு இரண்டு முறை மூடியைக் கழற்றுகிறேன். பேஸ்ட்டைத் தொடுவதில்லை, பஞ்சை மட்டும் எடுக்கிறேன். வீட்டில் மட்டும் வைத்திருக்கும் லேப்டாப்புக்கு இவ்வளவு தேவைப்படாது.

உரித்தெடுத்த அந்தப் பட்டையை நான் தூக்கிப் போடவில்லை. திங்கட்கிழமை முதலாளி வந்ததும் ஒரு பேப்பரில் வைத்து அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்ன அம்மிணி இது?"

"லேப்டாப்புக்குள்ள இருந்ததுங்க. இது அடைச்சுத்தான் ஓடாம நின்னுச்சுங்க."

எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நூல் வாங்கும்போது அது எத்தனையாம் நம்பர் சன்னம் என்று பார்ப்பது போலவே நிதானமாக உருட்டிப் பார்த்தார்.

"நாப்பதாம் நம்பருங்க," என்றார். "நம்ம சரக்குத்தான்."